ஒரு கை குறைகிறது

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கடற்கரைப் பங்கிலே பாஸ்கா திருவிழிப்பு முடிந்த மறுநாள் மாலை, குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் பங்குப் பணிமனை வாசலில் வந்து நின்றார். கையிலே ஒரு பொட்டலம். பேரீச்சம்பழம் என்று எண்ணிக் கைநீட்டினேன். பிரித்துப் பார்த்தால் புத்தம் புதிய சீட்டுக்கட்டு ஒன்று.

"இதை மந்திரித்துத் தரச் சொல்லிக் கேட்க வரவில்லை சாமி. இதைத் தொடலாமா கூடாதா என்று கேட்க வந்தேன்" என்றார்.

வாசகர்களே, இந்தக் கேள்வியின் கூர் என் நெஞ்சில் நேராகத் தைத்தது. ஏனெனில் சீட்டைத் தொடுவதில்லை என்று அவரிடம் வாக்குறுதி வாங்கியவனே நான்தான். 2019-ஆம் ஆண்டு அவர் கடல்கடந்து புறப்படும் முன்பு, அவருடைய மனைவி அவரை அழைத்துக்கொண்டு கோவிலுக்கு வந்தார். அந்தப் பெண்ணின் தகப்பனார் சீட்டிலே ஒரு வள்ளத்தைத் தோற்றவர். மனைவியின் தாலிச் சங்கிலியையும் தோற்றவர். ஆதலால் அப்பெண்ணுக்குச் சீட்டு என்ற சொல்லே நஞ்சு. "சாமி முன்னிலையில் சத்தியம் பண்ணட்டும்" என்றார். நானும் பாடுபட்ட சுரூபத்தின்மேல் கைவைக்கச் சொல்லி, இறைவனுக்கும் மனைவிக்கும் ஒருசேர வாக்களிக்கச் செய்தேன். நல்ல காரியம் ஒன்று செய்து முடித்தோம் என்ற நிறைவோடு அன்று இரவு உறங்கினேன்.

பின்பு நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். எட்டுப் பேர் தங்கும் அறை. ஒருவருக்கொருவர் மொழி புரியாது. வங்காளத்தவர் இருவர், நேப்பாளத்தவர் ஒருவர், மலையாளிகள் மூவர், ஆந்திரத்தவர் ஒருவர், இவர். வெள்ளிக்கிழமை திருப்பலி முடிந்து அறைக்குத் திரும்பினால் மறுநாள் விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மலையாளிகள் மூவரும் மாலையானதும் ஒரு பாயை விரித்துச் சீட்டுப் போடுவார்கள். நான்கு பேர் ஆடவேண்டிய ஆட்டம் அது. மூவர்தாம் இருக்கிறார்கள். "சேட்டா, ஒரு கை குறைகிறது, வாருங்கள்" என்று இவரை அழைப்பார்கள். இவர் சத்தியத்தை நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். காசு வைத்து ஆடுகிறார்களா என்று கேட்டேன். "இல்லை சாமி, தோற்றவர் தேநீர் போடவேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

அழைத்து அழைத்துச் சலித்த அவர்கள் வேறொரு அறையில் ஆள் பிடித்துக்கொண்டார்கள். இவர் தம் கட்டிலிலே தனியாய்ப் படுத்திருந்தார். கையிலே கைப்பேசி இருந்தது. அதற்குள்ளும் சீட்டு இருந்தது. அறிமுகமானவர் ஒருவர் வழிகாட்ட, பணம் கட்டி ஆடும் ரம்மிக்குள் நுழைந்தார். சத்தியம் என்னாயிற்று என்று கேட்டதற்கு அவர் சொன்ன மறுமொழியைக் கேளுங்கள்: "கையிலே சீட்டைத் தொடவில்லையே, கண்ணாடியைத்தானே தொட்டேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்." 2023-ஆம் ஆண்டு முடிவதற்குள் நான்கு மாதச் சம்பளம் போயிற்று. வீட்டுக்குப் பணம் வராத காரணத்தை நிறுவனத்தின்மேல் சாட்டி மனைவிக்குப் பொய் சொன்னார்.

தேநீருக்காக ஆடும் பாயிலிருந்து அவரை விலக்கி, ஊதியத்தை விழுங்கும் பள்ளத்தின் ஓரத்திலே நிறுத்தியதில் என் பங்கும் உண்டு என்று அன்று மாலை எனக்கு விளங்கிற்று. அதனால்தான் இக்கட்டுரை.

கடல் கடந்த சீட்டு

வீடுவிட்டுப் போன தமிழன் ஆட்டத்துக்கு ஆள் தேடுவது இன்று தொடங்கிய வழக்கமன்று. நம் இராமநாதபுரக் கரை அதற்குப் பழைய சாட்சி. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் கூட்டம் மண்டபம் முகாமிலே நோய்த்தடுப்புக்காகச் சில நாள் நிறுத்திவைக்கப்பட்டது. வேலையும் இல்லை, வெளியே போகவும் வழியில்லை. இத்தகைய நாள்களில் மனிதன் வேறென்ன செய்வான்? மண்ணிலே கோடு கிழித்தால் ஆடுபுலி. புளியங்கொட்டையை ஒருபுறம் தேய்த்தால் தாயம். இவற்றுக்கு இருவர் போதும். சீட்டுக்கோ நால்வர் வேண்டும். அந்நியரை அறிமுகமாக்குவதில் நால்வர் ஆடும் ஆட்டத்துக்கு உள்ள ஆற்றல் இருவர் ஆட்டத்துக்கு இல்லை என்பது என் எண்ணம்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்பு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் போரினால் நின்றது. 1983-க்குப் பின் அதே மண்டபம் முகாம் இலங்கையிலிருந்து வந்த அகதிகளால் நிறைந்தது. நான் அப்போது பள்ளிச் சிறுவன். உறவினர் ஒருவரோடு முகாமுக்குப் போனபோது, கவிழ்த்த மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் பலகையிட்டு நால்வர் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உடைமை யாவும் இழந்தவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று அன்று வியந்தேன். அவர்கள் ஆடியது 'முந்நூற்று நான்கு' என்னும் ஆட்டம் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன்.

இந்த ஆட்டத்தின் கணக்கு அழகானது. கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகளை ஒதுக்கிவிட்டால் எஞ்சுவன 32. ஆளுக்கு எட்டு. எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. இங்கே ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பில்லை. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கு 304. அரசனை அடித்து வீழ்த்தும் பணியாளன் உள்ள ஆட்டம் உழைக்கும் மக்களுக்குப் பிடித்ததில் வியப்பென்ன! முதல் நான்கு சீட்டைப் பார்த்ததும் கேள்வி கேட்கவேண்டும். கேள்வியில் வென்றவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். எதிரே அமர்ந்த கூட்டாளியின் மனத்தைக் கண்ணாலும் சொல்லாலும் கேளாமல், அவர் இறக்கும் சீட்டினால் மட்டுமே அறியவேண்டும்.

ஜாக்கியையும் ஒன்பதையும் உயர்த்திவைக்கும் வழக்கம் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது என்பர். அவர்கள் நாட்டில் இன்றும் ஆடப்படும் 'கிளாவர்யாஸ்' என்னும் ஆட்டத்தில் துருப்பு ஜாக்கியும் ஒன்பதுமே தலைமைச் சீட்டுகள்; ஆசுக்கு 11, பத்துக்கு 10 என்னும் மதிப்பும் அப்படியே. 1658-இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இக்கடலின் இருகரையிலும் வாணிகம் நடத்தினர். நாம் மூவிலைச் சீட்டைக் 'கிளாவர்' என்கிறோமே, அது ஒல்லாந்தச் சொல். சிங்கள மக்கள் கறுப்பு இதயச் சீட்டை 'இஸ்கோப்ப' என்பதும் அவ்வாறே. நம் திருச்சபையை இக்கரையில் ஒடுக்கிய அவர்கள் ஒரு சீட்டாட்டத்தை மட்டும் விட்டுப் போனார்கள் போலும்!

அந்தச் சீட்டு எவ்வளவு தொலைவு போயிருக்கிறது தெரியுமா? 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அவர்கள். கத்தோலிக்கரும் அவர்களுள் இருந்தனர். 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குப் போனோர் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்தம் வழிவந்தோருள் பலர் தமிழ் பேச மறந்துவிட்டனர். ஆனால் 'துணீ' என்று அவர்கள் அழைக்கும் சீட்டாட்டத்தை மறக்கவில்லை. அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஏழும் எட்டும் நீங்கி 24 சீட்டுகளே எஞ்சினாலும் கூட்டுத்தொகை 304-தான்! ஒரே இனத்து ராஜாவும் ராணியும் ஒரு கையில் சேர்ந்தால் அதற்கு 'ஜோடி' என்று பெயர். இன்றும் டர்பனில் இந்த ஆட்டத்துக்குப் போட்டிகள் நடக்கின்றன. மொழி போனபின்னும் ஓர் எண் போகாமல் நின்றதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இலண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் யாழ்ப்பாணத்து மக்களோ தங்கள் ஊர்ச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் 304 போட்டி வைத்து ஆள் சேர்க்கிறார்கள். பனியில் வீட்டுக்குள் முடங்கிய முதியவர்க்கு ஆட்டத்தைவிட அந்த அழைப்பே மருந்து.

பாவமா?

குருமடத்தில் கேரம் பலகைக்கு இடமிருந்தது, சீட்டுக்கு இல்லை. ஆயினும் அங்கே படித்த நூல்கள் இக்கேள்வியில் ஒரே குரலில் பேசவில்லை. தூய பிரான்சிஸ் சலேசியார் தம் பக்தி நூலில் சதுரங்கத்தை ஒப்புக்கொள்கிறார். ஐந்தாறு மணி நேரம் ஆடினால் மனம் களைத்துப்போகும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். சீட்டையும் பகடையையும் அறவே விலக்குகிறார். பெருமளவு குருட்டு வாய்ப்பினால் வெற்றி வருகிறது என்பது அவர் காட்டும் காரணம். தூய தோமா அக்குவினாரோ விளையாட்டு மனத்துக்கு ஓய்வு என்று கூறி, நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றை எடுத்துரைக்கிறார். யோவான் தம் சீடரோடு விளையாடியதைக் கண்டு சிலர் இடறல்பட்டார்களாம். யோவான் அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அம்பு விடச் சொன்னார். இப்படியே ஓயாது விட்டுக்கொண்டிருப்பாயா என்று கேட்டார். வில் முறிந்துவிடுமே என்றான் அவன். மனிதனின் மனமும் அப்படித்தான் என்றாராம்.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதை 2413-ஆம் எண்ணில் தெளிவாக்குகிறது. சீட்டு போன்ற வாய்ப்பு விளையாட்டுகளும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல. ஒருவன் தனக்கும் பிறர்க்கும் இன்றியமையாததைப் பறிக்கும்போது அவை ஒழுக்கக்கேடாகின்றன. அடிமைத்தனமாகும் இடர்ப்பாடும் உண்டு. அந்தப் பெண்ணின் தகப்பனார் வள்ளத்தைத் தோற்றது இந்தக் கேட்டினால். அவர் மருமகனைக் கைப்பேசி விழுங்கியதும் இதே கேட்டினால்.

கைப்பேசி ரம்மியின் கொடுமையை நம் நாடு அறிந்து சட்டமியற்றப் பல ஆண்டுகள் ஆயின. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் முன்பே கூறியிருந்தது பெரும் தடையாயிற்று. தமிழக அரசு 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்துச் சட்டமும் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அத்தடையிலிருந்து விலக்கிற்று. இறுதியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. நீதிமன்றம் சொன்ன திறமை, எதிரே முகமிருக்கும் மேசையில் ஆடும் திறமை. நள்ளிரவில் தனியே கிடப்பவன் தோற்றுக்கொண்டே போனால் 'போதும் தம்பி, எழுந்து படு' என்று சொல்லக் கைப்பேசியில் யாருமில்லை. பாயிலே எதிரில் அமர்ந்த மலையாளி கட்டாயம் சொல்லியிருப்பான்; அவனுக்கும் தூக்கம் வருமல்லவா!

வாக்கு

சரி, வாங்கிய வாக்கை என்ன செய்வது? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1196-ஆம் விதி, தக்க காரணமிருந்தால் பங்குத்தந்தை தம் மக்களின் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கலாம் என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அதனால் பிறர் பெற்ற உரிமைக்குப் பழுது வரக்கூடாது. இங்கே மனைவிக்கும் வாக்களிக்கப்பட்டிருக்கிறது. அவரைக் கேளாமல் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. அதற்கும் முன்பு, நிறுவனத்தின்மேல் சாட்டிய பொய்யை அவரிடம் இளைஞரே சொல்லியாக வேண்டும். சொல்லச் சொன்னேன். இளைஞர் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் தனியாக வந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. "சாமி, நீங்களும் நானும் சேர்ந்துதான் அவரைத் தனியாக விட்டுவிட்டோம்" என்றார். என்னையும் சேர்த்துக்கொண்டாரே, அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். பின்பு அவரே நிபந்தனைகளைச் சொன்னார். காசு ஒரு பைசாவும் வைக்கக்கூடாது. கைப்பேசியில் எந்த ஆட்டமும் கூடாது. ஆட உட்காருமுன் வீட்டுக்குப் பேசவேண்டும். "அப்புறம், யார் யாரோடு ஆடுகிறார் என்று எனக்குப் பெயர் தெரியவேண்டும்." இந்தக் கடைசி நிபந்தனை எந்த ஒழுக்கவியல் ஆசிரியருக்கும் தோன்றாதது. பழைய நேர்ச்சையை இவ்வாறு மாற்றி, இருவரையும் அதே சுரூபத்தின் முன் நிறுத்தினேன்.

வெளிநாட்டில் ஆட்டத்துக்கு ஆள் தேடுவோர்க்கு அந்த இளைஞருடன் பேசியதிலிருந்து சிலவற்றை எழுதுகிறேன். முதலில் பக்கத்திலிருப்பவனின் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மலையாளிகள் ஆடும் 'இருபத்தெட்டு' நம் 304-இன் தம்பிதான்: ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று; இனத்துக்கு 7, மொத்தம் 28. ஒன்றை அறிந்தவர்க்கு மற்றது அரைமணியில் வரும். குவைத்து மக்களும் தங்கள் 'திவானியா' என்னும் கூடத்தில் 'கூட்' என்றொரு சீட்டாட்டம் ஆடுகிறார்கள். முதலாளி வீட்டில் வண்டியோட்டுபவர் அதை எட்டிநின்று பார்த்தே பழகியதுண்டு. மலேசியா, சிங்கப்பூர் செல்வோர் சீனர்கள் காய்களை அடுக்கி ஆடும் மாஜோங்கைக் காண்பார்கள். அதற்கும் நான்கு கை வேண்டும், 144 காய்கள். சேர்த்து அடுக்கும் முறையில் நம் ரம்மிக்கு உறவு போலத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் காசு வைத்தே ஆடுவதால் பார்த்துக் கால்வையுங்கள். சீட்டென்றாலே முகம் சுளிக்கும் இடத்தில் 'ரம்மிகுப்' என்னும் சில்லாட்டம் உதவும். ருமேனியாவில் சீட்டுக்குத் தடை இருந்த காலத்தில் எப்ராயிம் எர்ட்சானோ என்பவர் ரம்மியை 106 சில்லுகளாக மாற்றி அமைத்தது அது, குழந்தைகளும் ஆடலாம்.

கப்பலில் வேலை செய்வோருக்குத் திருச்சபையே வழி செய்திருக்கிறது. 1920-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய கடலோடிகள் திருத்தூதுப்பணி இன்று 'ஸ்தெல்லா மாரிஸ்' என்ற பெயரில் உலகத் துறைமுகங்கள் பலவற்றில் கடலோடிகளுக்கு உதவுகிறது. கரையில் அத்தகைய மையம் உண்டா என்று விசாரியுங்கள். நிலத்தில் வேலை செய்வோர்க்குத் தமிழ்த் திருப்பலியே முதல் சந்தை. கூச்சத்தை விட்டு, "முந்நூற்று நான்கு தெரியுமா?" என்று கேட்கவேண்டும். குவைத் நகரின் திருக்குடும்பப் பேராலய முற்றத்தில் இக்கேள்வியைக் கேட்கும்படிதான் அந்த இளைஞரை அனுப்பினேன். பொழுதுபோக்குக்கே ஆடுவதென்றும், பணம் வைத்து ஆடுவது அந்நாட்டில் சட்டப்படி குற்றமென்றும் முதலிலேயே சொல்லிவிட்டால் வேண்டாதவர்கள் தாமே விலகிவிடுவார்கள்.

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் அவரிடமிருந்து செய்தி வந்தது. பேராலய முற்றத்தில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் கிடைத்தாராம். அவர் ஒரு பாம்பன்காரரை அறிவாராம். அறையிலிருந்த மலையாளிகளுள் ஒருவர் கோபத்தை மறந்து சேர்ந்துகொண்டாராம். முதல் வெள்ளிக்கிழமை ஆட்டம் நடக்கவேயில்லையாம். ஜாக்கிக்கு 3 என்று மலையாளியும் 30 என்று யாழ்ப்பாணத்தாரும் வாதாடியதிலேயே இரவு பத்துமணி ஆகிவிட்டதாம். மனைவிக்கு மூவர் பெயரையும் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் நேற்று என்னிடம் வந்து, "அந்த மலையாளிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன் சாமி; கோட்டயத்து மீன்குழம்பு எப்படி வைப்பது என்று அவர் மனைவியிடம் கேட்கவேண்டும்" என்றார்.

மேசைமேல் அந்தச் சீட்டுக்கட்டு இன்னும் கிடக்கிறது. அவர் மறந்து வைத்துவிட்டுப் போனது. மாலையில் உபதேசியார் வருகிறார்; மெய்க்காப்பாளர்போல் கோவிலைக் காக்கும் கணக்கப்பிள்ளையும் உண்டு; அடுத்த ஊர்ப் பங்குத்தந்தை புதன்கிழமைகளில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.